சொல்லிவிட்டுத் தொடும் டீச்சர்

எங்கள் தெருவில் மற்றவர்களெல்லாம் வந்து நின்ற பிறகுதான் வந்ததே தெரியும். பக்கத்து வீட்டு டீச்சர் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு வீடு தள்ளி வரும்போதே, "நான் வரேன்மா, கொஞ்சம் புளி வேணும்" என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் கதவைத் தட்டும்போது நான் கையில் புளியோடு நிற்பேன். கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்த எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. அதற்கும் பிறகு, அந்தக் குரல் கேட்காத சாயங்காலங்களில் வீட்டில் ஏதோ ஒரு சாமான் குறைந்த மாதிரி இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ராஜகீழ்ப்பாக்கத்தின் உள்பக்கம் வேலிக்காத்தான் முள்ளும் பிளாட் கல்லுமாகக் கிடந்தது. வேளச்சேரி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மண் ரோட்டில் நடந்தால் எங்கள் வீடு, அதை ஒட்டி டீச்சர் வீடு, அதற்கப்பால் ஏரிக்கரை. டீச்சருக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாக இருக்கிறார் என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவார். "தனியா இல்லை. நானும் தம்பியும் இருக்கோம்." தம்பி என்பது குதிரை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜக் குதிரை. நான் வந்த மறுநாள் விடிகாலையில் கனைப்புச் சத்தம் கேட்டு என் கணவரை எழுப்பி, "குதிரை கனைக்கிற மாதிரி இருக்கே" என்றேன். "குதிரைதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். புதுப் பெண்டாட்டிக்கு இவ்வளவு விளக்கம் போதும் என்று நினைத்துவிட்டார் போல.

அது கிண்டியில் ரேஸ் ஓடிய குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைத் தீற்றல். ஓடும்போது முன்னால் போன குதிரையின் குளம்பிலிருந்து தெறித்த கல் பட்டு இடது கண் போய்விட்டது. அதற்குப் பிறகு அது யாருக்கும் வேண்டாத குதிரை. டீச்சரின் அப்பா ஒரு காலத்தில் அந்தப் பக்கம் ஏதோ ஒரு லாயத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். டீச்சர் சிறுமியாக இருந்தபோதே சேணத்தில் உட்காரப் பழகியிருக்கிறார். பழைய பழக்கத்தில் போய்க் கேட்டார், கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். கிண்டியிலிருந்து கூடவே நடந்து கூட்டிக்கொண்டு வந்ததாகச் சொல்வார். வழி நெடுக, "இப்ப லாரி வரும், இப்ப ரயில் சத்தம் வரும்" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

தம்பியின் அந்த இடது கண்ணால்தான் டீச்சர் எதையும் முன்கூட்டிச் சொல்கிறவராக ஆனாரா, அல்லது அப்படிப்பட்டவராக இருந்ததால்தான் அந்தக் குதிரையைக் கூட்டிவந்தாரா என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இடது பக்கம் யார் வந்தாலும் தம்பிக்குத் தெரியாது. திடீரென்று கை பட்டால் துள்ளிவிடும். அதனால் எதைச் செய்வதற்கு முன்னாலும் சொல்ல வேண்டும். விடிகிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரின் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். "தம்பி, இடது பக்கம் வரேன். முதுகைத் தேய்க்கப் போறேன். இப்ப வயிறு. இப்ப பின்னங்காலைத் தூக்கப் போறேன், குளம்புல கல்லு இருக்கான்னு பாக்கணும்." ரேடியோவில் செய்தி வாசிப்பதற்கு முன்னாலேயே எங்களுக்கு இந்தச் செய்தி வந்துவிடும்.

ஏரியிலிருந்து புல் அறுத்துக் கொண்டுவந்து போடும் அம்மாவுக்கு இதைப் பார்த்துப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பு. "இன்னா டீச்சரு, குதுர கைல போய் பர்மிசன் கேட்டுகினு கீற. அது இன்னா தாசில்தாரா?" என்பார்.

"பர்மிஷன் கேக்கலைமா. தகவல் சொல்றேன். வேணாம்னா அது நகர்ந்துக்கும்ல?"

"நவுந்துக்கும், நவுந்துக்கும். எங்க வூட்டுல கீற ஆளு கைல சொன்னாகூட நவுர மாட்டான்."

சிரித்தாலும், அந்த அம்மாவும் புல்லுக்கட்டை இறக்கும்போது "புல்லு போடறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்.

குதிரை வீட்டில் இருந்தால் என்னென்ன வேலை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொள்ளுப் பயற்றை முதல் நாளே ஊறவைத்து வேகவைக்க வேண்டும். கீற்றுக் கொட்டகையில் ஈர வைக்கோலை வாரிவிட்டுக் காய்ந்ததைப் பரப்ப வேண்டும். கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியாது, தம்பி அப்படிக் குடிக்கும். ஈ மொய்க்கிறது என்று தெருவில் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு சாணம் கத்தரிச் செடிக்கும் ரோஜாவுக்கும் நல்லது என்று தெரிந்ததும் வாளியோடு வந்து வரிசையில் நின்றார்கள். டீச்சர் அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். "இந்த வாரம் உங்களுக்கு, அடுத்த வாரம் அவங்களுக்கு."

வேலையெல்லாம் முடிந்ததும் டீச்சர் தன் அண்ணனின் பழைய பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு சுற்றுப் போய்வருவார். முதுகு நேராக, முழங்கை உடம்போடு ஒட்டி, அவசரமே இல்லாமல். கரையில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்களெல்லாம் குச்சியை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். அடுத்த அரைமணியில் காட்டன் புடவையும் கைப்பையுமாக பஸ்ஸுக்கு நிற்பார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று புதிதாக வருபவர்களுக்கு நான்தான் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்.

என்னையும் ஏற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னார், "அடுத்த ஞாயிறு உன்னைத் தம்பி மேல ஏத்தலாம்னு இருக்கேன். ஒரு வாரம் இருக்கு, பயப்பட்டு முடிச்சுடு." நானும் வாரம் முழுக்கப் பயந்து முடித்துவிட்டு ஏறினேன். எல்லாக் குதிரையிலும் இடது பக்கம் நின்றுதான் ஏறுவார்களாம். தம்பியில் மட்டும் வலது பக்கம், அதன் கண் பார்க்கிற பக்கம். நான் அதைத்தான் பழகினேன். பல வருடம் கழித்து ஊட்டியில் ஒரு வாடகைக் குதிரையில் அதே மாதிரி வலது பக்கமாக ஏறப்போய், குதிரையும் குதிரைக்காரரும் சேர்ந்து மிரண்டார்கள். "எங்கக்கா கத்துகிட்டீங்க?" என்றார் அவர். ராஜகீழ்ப்பாக்கம் என்றேன். அவருக்கு எதுவும் புரியவில்லை.

டீச்சரிடம் எல்லோருக்கும் பிரியம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் அவரைப் பார்த்தால் சந்து மாறுவார்கள். குண்டைப் போடுவதற்கு முன்னால் தேதி குறித்துக் கொடுக்கிறவர் என்று என் கணவர் கேலி செய்வார். வீடு கட்டுகிறவர் ஒருவர் செங்கல் உடைசலை ரோட்டிலேயே கொட்டிவைத்தபோது, அவர் வீட்டு வாசலுக்கே போய், "திங்கட்கிழமை உங்க மேல பஞ்சாயத்து ஆபீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவர் மனைவி கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமையே ரோடு சுத்தமாகிவிட்டது. ஊசி போடும்போது பிள்ளையிடம் "வலிக்காதுடா கண்ணு" என்று சொன்ன நர்ஸிடம் போய், "வலிக்கும்னு சொல்லிட்டுப் போடுங்க, அடுத்த தடவை உங்களை நம்பும்" என்று சொன்னதும் அவர்தான். அந்த நர்ஸ் அதற்குப் பிறகு அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் கணவரும் ஒருமுறை மாட்டிக்கொண்டார். தெருவிலேயே டீச்சர் வீட்டில் மட்டும்தான் போன். விழுப்புரத்திலிருந்து என் அண்ணன் பேசினால் அங்கேதான் வரும். அப்படி ஒருநாள் அழைப்பு வந்து இவர் போனபோது, தம்பி கொட்டகை வாசலில் கண்ணை மூடி நின்றிருக்கிறது. தூங்குகிற குதிரையை எழுப்ப வேண்டாம் என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இடது பக்கமாகப் பூனை மாதிரி நடந்திருக்கிறார். பக்கத்தில் வந்ததும்தான் அதற்குத் தெரிந்திருக்கிறது. உதைத்த உதையில் கொள்ளு வாளி மதிலைத் தாண்டி எங்கள் வீட்டுத் துளசி மாடத்தில் வந்து விழுந்தது. இவர் மேல் படவில்லை, யார் செய்த புண்ணியமோ.

டீச்சர் ஓடிவந்து முதலில் தம்பியின் கழுத்தைத் தடவினார். பிறகு இவரிடம் சொன்னார், "பயந்துடக் கூடாதுன்னுதான் சார் மெதுவா வந்தீங்க. அதனாலதான் பயந்துடுச்சு."

அந்த வருட ஐப்பசியில் எனக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்ததால் வீட்டில் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருந்தார்கள். பலமாகத் தும்மினால்கூட என் கணவர் ஓடிவருவார். விழுப்புரத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்குத் தெரியாது. அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டால், மழை, அறுவடை, அண்ணிக்கு முதுகு வலி என்று மாதம் ஒரு காரணம் வந்தது. நான் நம்பினேன். ஆனால் அம்மாவின் குரல் போனில் வரவே இல்லை என்பதும் உறுத்திக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மறுபடி கூப்பிட்டான். இவர் போய்ப் பேசினார். வெளியூர் ட்ரங்க் கால் என்றால் அந்தக் காலத்தில் கத்தித்தான் பேச வேண்டும். ரகசியத்தையும் கத்தித்தான் பேச வேண்டும். அம்மாவுக்குப் புற்றுநோய், வயிற்றில். டாக்டர் கைவிரித்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாள்தான். "அவளுக்குத் தெரிய வேணாம், குழந்தை நல்லபடியா பொறக்கட்டும்" என்று இவர் கத்தியிருக்கிறார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அங்கே நடந்த பேச்சைப் பிறகு என் கணவரே எனக்கு வரி விடாமல் சொன்னார்.

"சார், நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு."

"டீச்சர், தயவுசெஞ்சு அவகிட்ட..."

"நீங்களே சொல்லிடுங்க சார். நாளைக்கு சாயங்காலம் நான் ஸ்கூல்லேர்ந்து வர்ற வரைக்கும் பாக்கறேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். உங்களுக்குத் தெரியாம போய்ச் சொல்லக் கூடாது, அதான் இப்பவே சொல்றேன்."

"இது எங்க குடும்ப விஷயம் டீச்சர். ஏற்கெனவே ஒண்ணு போயிருக்கு. இதுவும் ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்கு சார். ஆனா பெத்த தாயைப் பாக்காம விட்டுட்டா, ஆயுசுக்கும் அந்தப் பொண்ணு உங்களைத்தான் கேக்கும்."

இவர் கோபத்தோடு வந்துவிட்டார். அன்று இரவு எனக்குச் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டிருந்தது. "நான் வரேன்மா" என்று வழக்கம்போல தூரத்திலிருந்தே குரல் வந்தது. ஆனால் என்ன வேண்டும் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. குடையை மடக்கி வாசலில் வைத்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

"உக்காரும்மா. ஒரு கெட்ட சேதி சொல்லப் போறேன். அம்மா உயிரோட இருக்காங்க, அதை முதல்ல கேட்டுக்கோ. ஆனா உடம்பு ரொம்ப மோசமா இருக்கு. இனிமே தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

டீச்சர் காத்திருந்தார். பிறகு, "இப்ப உன் கையைப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. அழுகை அடங்கும்போது இன்னொன்றும் சொன்னார். மதியமே பள்ளியிலிருந்து, என்னைப் பார்க்கிற லேடி டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பஸ் கூடாது, காரில் மெதுவாகப் போகலாம், நடுவில் இறங்கி நடக்க வேண்டும், போய்வரத் தடையில்லை. என்னை உடைத்துப்போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை அவர். அள்ளுவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

என் கணவர் ஆபீஸிலிருந்து வந்தபோது டீச்சர் எழுந்து, "சொல்லிட்டேன் சார்" என்றார். "நீங்க வரலைன்னா நான் தனியாப் போறேன்" என்று நான் இவரிடம் சொன்னதும், "காலையில போகலாம்" என்றார். அவ்வளவுதான்.

காலையில் பார்த்தால் ஏரி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். மண் ரோடு எது, பள்ளம் எது, வீட்டுக்குத் தோண்டிய அஸ்திவாரம் எது என்று தெரியாமல் ஒரே செம்மண் குளம். போன் செத்துவிட்டது. ஆட்டோ எதுவும் உள்ளே வராது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "மழை விட்டதும் போகலாமா?" என்றார். மழை விடும்வரை அம்மா இருக்க வேண்டுமே என்றேன்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "சேணம் போடறேன் தம்பி. தண்ணிக்குள்ள போகப் போறோம்." பிறகு என்னிடம், "கேம்ப் ரோடு டாக்சி ஸ்டாண்டுல வண்டி இருக்கும். கூட்டிட்டு வரேன், துணியெல்லாம் எடுத்து வை" என்று கத்திவிட்டு, டீச்சர் குதிரையோடு தண்ணீரில் இறங்கினார்.

அவர் திரும்பி வந்த காட்சி இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. முன்னால் தம்பி முட்டி வரை தண்ணீரில், ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்து வருகிறது. மேலே டீச்சர் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு கறுப்பு அம்பாசிடர், குதிரை மிதித்த இடத்திலேயே மிதித்து ஊர்ந்து வருகிறது. டீச்சர் முன்னால் குனிந்து தம்பிக்குச் சொல்கிறார், பின்னால் திரும்பி டிரைவருக்குச் சொல்கிறார். "இடது பக்கம் பள்ளம் வருது. கொஞ்சம் தள்ளி வாங்க. அடுத்து கல்லு இருக்கு, ஒரு குலுக்கு குலுக்கும்."

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சர்வீஸ்ல இத்தினி வருசமா கீறேன். குதுர பின்னாடி வண்டி ஓட்னது இல்லம்மா" என்றார். என்னை ஏற்றிக்கொண்டு மெயின் ரோடு வரை அதே மாதிரிதான் போனோம். முன்சீட்டில் என் கணவர் கண்ணாடி வழியாக அந்தக் குதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். மெயின் ரோட்டில் டீச்சர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். இவர் கண்ணாடியை இறக்கி, "நனைஞ்சுட்டீங்க டீச்சர்" என்றார். டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது.

தை மாதம் என் மகள் பிறந்தாள், நல்லபடியாக. அவள் நடக்கப் பழகியதே அந்தக் கொட்டகை வாசலில்தான். தொண்ணூறுகளில் எங்களைச் சுற்றி மாடி வீடுகள் எழுந்து புல்லுக்கு இடமில்லாமல் போனபோது, டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு தம்பியோடு கேளம்பாக்கம் பக்கம் போய்விட்டார். போவதை வழக்கம்போல வெகு முன்னாலேயே சொல்லிவிட்டார். நாங்கள் அழ வேண்டிய அளவுக்கு அழுது தீர்ந்த பிறகுதான் லாரி வந்தது. தம்பிக்கு முடியாமல் போனபோதும் ஆளிடம் சொல்லி அனுப்பினார், இந்த வாரம் வந்தால் பார்க்கலாம் என்று. போனோம். என் மகள் கேரட் கொடுத்தாள். தம்பி மோந்து மட்டும் பார்த்தது.

டீச்சருக்கு நான் நன்றி சொன்னதில்லை என்று இல்லை. பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் எதற்கு நன்றி என்பது அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. அது விழுப்புரத்தில் அந்தப் பகலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா கூடத்தில் கயிற்றுக் கட்டிலில், தெரு வாசலைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். பாதியாக வற்றியிருந்தாள். நான் படியேறுவதைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் முதலில் என் வயிற்றில் கை வைத்தாள். பிறகு கேட்டாள்.

"யாருடி சொன்னா உனக்கு?"

"பக்கத்து வீட்டு டீச்சர்மா. குதிரை வச்சிருக்காங்களே, அவங்க."

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என் கணவரைப் பார்த்தான். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்க ரெண்டு பேரையும் ஒண்ணும் சொல்லாத. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கட்டாயப்படுத்தினதே நான்தான். புள்ளத்தாச்சிக்கு எதுக்கு இதெல்லாம்னு." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "அப்படிச் சொல்லிட்டு, காலையில எழுந்ததும் என்னை வாசப் பக்கமா திருப்பி விடுடான்னு இவன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

"நீ காத்துக்காகக் கேக்கறியோன்னு நெனச்சேன்மா" என்றான் அண்ணன்.

"காத்துக்குத்தான்" என்றாள் அம்மா.

நான் கட்டிலின் உள்பக்கம் சுவரோரமாக ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் காலை அண்ணன் வழக்கம்போல வந்து, அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து வாசல் பக்கம் திருப்பப் போனான். அம்மா அவன் கையை மெல்லத் தட்டிவிட்டாள்.

"வேணாம்டா. இவ இந்தப் பக்கம் உக்காந்திருக்கா."